கூப்பிடு தூரத்தில் ஒரு நாற்காலி

கோவித்துக்கொண்டு போனாலும் எங்களை விட்டு அதிக தூரம் போகத் தெரியாத என் அப்பாவுக்கு,

நல்லா இருக்கீகளா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. அங்கே பந்தியெல்லாம் எப்படி? காபி சூடாகத் தருகிறார்களா? இல்லை, அங்கேயும் யாரோ உங்களுக்கு முன்னால் இன்னொருவருக்குச் சந்தனத்தை நீட்டி, நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டீர்களா?

இங்கே அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை. திராட்சைத் தோட்டத்தைச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். கவாத்து முடிந்து புதுத் துளிர் வந்திருக்கிறது. தங்கச்சி வசந்திக்குத் தை மாதம் கல்யாணம் முடிவாகியிருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் என் முதல் கல்யாணத்தைச் சொல்ல வேண்டும். பதறாதீர்கள், எனக்கு இல்லை. ஈவன்ட் மேனேஜர் என்று கம்பத்தில் போர்டு மாட்டியபிறகு நானே எடுத்து நடத்திய முதல் கல்யாணம்.

மதுரையில் ஒரு கம்பெனியில் நான் இந்த வேலை பார்த்தவரைக்கும் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்கு வந்து சொந்தமாகச் செய்யப் போகிறேன் என்றதும்தானே குதித்தீர்கள்? "கல்யாணத்த எடுத்து நடத்தச் சொந்தபந்தம் இருக்காக. அதுக்கு ஒரு கம்பெனியாக்கும்! நாளைக்கு எழவு வீட்டுக்கு அழுகுறதுக்கும் ஆள் அனுப்புவியா?" என்றீர்கள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனீர்கள். அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னது: "ஏத்தா ஈசு, அப்பா கோவிச்சுக்கிட்டாக. போய்க் கூட்டியா."

அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டே நான் வளர்ந்தேன். எத்தனை விசேஷம்! பத்திரிகையில் உங்கள் பெயரை மச்சினன் பெயருக்குக் கீழே போட்டதற்குப் பெரியத்தை வீட்டுக் காதுகுத்தில் வெளிநடப்பு. பன்னீர்ச் செம்பு உங்களைத் தாண்டிப் போனதற்கு உத்தமபாளையத்துக் கல்யாணத்தில் வெளிநடப்பு. வீரபாண்டித் திருவிழாவுக்குப் போன இடத்தில், விருந்துக்குக் கூப்பிட்டவர் "நீங்களும் வாங்க" என்று சொல்லிவிட்டாராம். அது என்ன 'நீங்களும்' என்று அதற்கொரு வெளிநடப்பு. உங்களோடு ஒரு விசேஷத்துக்குப் போய் நிம்மதியாக ஒரு வாய் பாயசம் குடித்திருப்போமா அப்பா நாங்கள்?

ஆனால் நீங்கள் ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை. மண்டபத்து வாசல் தெரிகிற இடமாகப் பார்த்து, வாசலுக்கு முக்கால்வாசி முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பீர்கள். மிச்சக் கால்வாசியில் யார் வருகிறார்கள் என்று பார்ப்பீர்கள். கூட்டமாகப் போய்க் கூப்பிட்டால் வரமாட்டீர்கள். தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சுக்கோங்க என்றாலும் வரமாட்டீர்கள், கோபம்தான் கூடும். நான் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, "அப்பா, சாம்பாருக்கு உப்புப் பாக்க ஆளில்லையாம். வாங்க" என்பேன். "ஏன், அம்புட்டுப் பேருல ஒருத்தனுக்கு நாக்கு இல்லையா?" என்று வைதுகொண்டே எழுந்து வருவீர்கள்.

என் ஆபீஸ் திறந்த அன்றைக்கும் அப்படித்தான். எதிரே பஸ் நிறுத்தத்து நிழலில் உட்கார்ந்திருந்தீர்கள். விளக்கில் முதல் திரி நீங்கள் ஏற்ற வேண்டும் என்று வந்து கூப்பிட்டேன். வந்தீர்கள், ஏற்றினீர்கள், காபி ஆறிப்போயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம் அப்பா.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். வீரபாண்டியில், மெயின் ரோட்டை ஒட்டிய மண்டபம். பெண் வீடு தேனி, மாப்பிள்ளை வீடு கம்பம். எல்லாம் மதுரையில் பழகிய மாதிரியே ஒழுங்கு செய்திருந்தேன். வாசலில் ஒரே நிறச் சேலையில் இரண்டு பிள்ளைகளை நிறுத்தியிருந்தேன். வருகிறவர்களைப் பெண் வீடா, மாப்பிள்ளை வீடா என்று கேட்டு, அதற்குத் தகுந்த ரோஜாவைக் குத்தி, அந்தந்தப் பக்கம் உட்கார வைக்க வேண்டும். கேட்காமல் ஒருத்தரையும் உள்ளே விடக் கூடாது என்று நான்தான் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன்.

பெண்ணின் தாய்மாமன் கடமலைக்குண்டிலிருந்து வந்து இறங்கினார். சீர்த்தட்டுகள் பின்னால் வர, வாழையிலையில் கட்டிய மாலைப் பொட்டலத்தோடு அவர் முன்னால் வருகிறார். மேளக்காரர்களை அந்த நேரம் மாப்பிள்ளை அழைப்புக்கு அனுப்பியிருந்தேன். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் அந்த அழைப்பில்தான் நின்றார்கள். வாசலில் நின்ற பிள்ளை சிரித்த முகமாக அவரிடம் கேட்டிருக்கிறாள்: "வாங்க சார். நீங்க எந்த சைடு?"

தாய்மாமனைப் பார்த்து எந்த சைடு என்று கேட்டிருக்கிறாள் அப்பா! நம்ம பக்கத்தில் வேறு எவருக்காவது இந்தப் புத்தி வருமா? சீர்த்தட்டுகளை அங்கனயே இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு, மாலையோடு அவர் வெளியே போய்விட்டார்.

மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தால்தான் அவர்கள் வீட்டில் பெண் மேடையேறும். முகூர்த்தத்துக்கு நேரம் நெருங்கிவிட்டது. பெண்ணின் அப்பா என்னிடம் வந்தார். "ஏம்மா, எம் மச்சினன் வராம எம் மக கழுத்துல தாலி ஏறாது. ஒன்னைய நம்பித்தான விட்டோம்?" என்றார். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அப்படி ஒரு மெல்லிய குரலில் சொன்னார். இந்தக் கல்யாணம் கெட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் எவரும் எனக்கு வேலை தரமாட்டார்கள். நீங்கள் திரி ஏற்றிய ஆபீஸைப் பூட்டிவிட்டு மறுபடி மதுரைக்கே போக வேண்டியதுதான். கடமலைக்குண்டுக்குக் கார் அனுப்பு, பஸ் ஸ்டாண்டில் பார் என்று ஆளாளுக்கு ஓடினார்கள்.

"யாரும் போகாதீக. அவுக தூரமா போயிருக்க மாட்டாக" என்றேன். எப்படி அவ்வளவு திடமாகச் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை. முக்கால்வாசி முதுகு மண்டபத்துக்கு. ஒரு நிமிஷம் நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். கிட்டப் போனால், மனிதர் மடியில் பொட்டலத்தைப் பிரித்து, தம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து நனைத்து மாலைக்குத் தெளித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு உயிர் வந்தது.

பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து டீ சொன்னேன்.

"மண்டபத்து ஆளா? கூட்டிட்டுப் போகத்தான வந்த? வரமாட்டேன்னு போய்ச் சொல்லு."

"இல்லைங்கய்யா, டீ குடிக்க வந்தேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே ஆரம்பித்தார்: "அந்தப் புள்ளைக்கு மொத மொட்ட எம் மடியில வச்சுத்தான் போட்டாக. காது குத்தும்போது கதறி எம் வேட்டிய நனைச்சவ. என்னைய எந்த சைடுன்னு கேக்குறாக!"

நான் மறுத்துப் பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னேன்: "பொண்ணு ரூம விட்டு எந்திரிக்க மாட்டேங்குதுங்கய்யா. வேற ஒரு மாலையக் கொண்டாந்தாக. எங்க மாமன் கொண்டுவந்த மாலை எங்கனன்னு கேட்டுத் தள்ளி விட்டுருச்சு."

"அவளா சொன்னா?"

"அதுதாங்கய்யா சொல்லுச்சு."

நான் வரும்போதே மேளக்காரர்களிடமும் பெண்ணின் அம்மாவிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ரோட்டைத் தாண்டி டீக்கடை வாசலுக்கே மேளம் வந்தது. தேனி பஸ் ஒன்று நின்றுவிட்டது, ஜன்னலெல்லாம் தலைகள். தங்கச்சிக்காரி ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்து "அண்ணே" என்றார். ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மனிதர் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அழுகாத கழுத, பொட்டு அழியுது" என்று தங்கையை வைதுகொண்டே நடந்தார். மாலை வாடவே இல்லை அப்பா. முகூர்த்தத்துக்குள் தாலி ஏறிவிட்டது.

எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். எந்தக் கம்பெனியில் கற்றுக்கொண்டாய் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். எங்கப்பாகிட்ட என்றேன். அவரும் இதே தொழிலா என்றார்கள். ஆமாம் என்றேன், ஆனால் அவர் வேறு சைடு என்றேன்.

அன்றைக்குச் சாயந்தரம் மண்டபம் காலியான பிறகு அதே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். போன மழைக்காலத்தில் தேனி ஆஸ்பத்திரியில் நீங்கள் கண்ணை மூடிக் கிடந்தபோதும் நான் கூட்டத்தை வெளியே அனுப்பினேன். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் காதருகே குனிந்து, "அப்பா, உப்புப் பாக்க ஆளில்லப்பா, வாங்க" என்றேன். நீங்கள் வரவில்லை. யார் மேல் என்ன கோபம் அப்பா? ஏன் இந்த ஒரு தடவை மட்டும் அவ்வளவு தூரம் போனீர்கள்?

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்த மண்டபமானாலும் முதல் வேலையாக வெளியே வந்து, வாசல் தெரிகிற நிழலாகப் பார்த்து ஒரு நாற்காலி போட்டுவிடுவேன். பந்தல்காரர் "இங்கன யாருக்கும்மா?" என்று கேட்டார். கோவிச்சுக்கிறவுகளுக்கு என்றேன். சிரித்தார். குச்சனூரில் போன வாரம் நடந்த ஒரு காதுகுத்தில் பெரியவர் ஒருவர் போய் உட்கார்ந்துவிட்டார். அவரை நான் கூட்டிவந்ததைப் பார்த்தபின் பந்தல்காரரே நாற்காலி போட்டுவிடுகிறார்.

வசந்தி கல்யாணத்தையும் நான்தான் நடத்துகிறேன். உங்கள் இடத்தில் நின்று சித்தப்பா தாரை வார்க்கிறார். பத்திரிகையில் உங்கள் பெயரை எல்லோருக்கும் மேலே போட்டாயிற்று. தன் பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறதென்று சித்தப்பா இப்போதே மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரிகிறார். உங்கள் தம்பிதானே!

அன்றைக்கு வெளியே இரண்டு நாற்காலி போடுவேன். ஒன்று சித்தப்பாவுக்குத் தேவைப்படும். இன்னொன்றில் யாரையும் உட்கார விடமாட்டேன். சாம்பார் இறக்கியதும் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு, எவ்வளவு வேலை இருந்தாலும் போட்டுவிட்டு நானே வருவேன். ஆள் அனுப்பமாட்டேன். பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்புறம் கூப்பிடுவேன் அப்பா. நீங்கள் எழுந்து வராவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் பார்த்துச் சொல்லாமல் அன்றைக்குப் பந்தியில் இலை விழாது. காபியும் சூடாகவே இருக்கும்.

கூப்பிட வருகிற உங்கள் மூத்த மகள்,
ஈசுவரி