சுவிட்சுக்கு நீங்கள் போட்ட குறி

அண்ணா,

கியர் ஆயில் வாடை இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன், சீயக்காயும் தேய்த்தேன். நகக்கண்ணில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் சட்டையைத் துவைக்கும்போது அம்மா மூக்கைச் சுளித்து, "இவனுக்குப் பொண்ணு குடுக்கறவன் மூக்கில்லாதவனா இருக்கோணும்" என்று திட்டுவாளே, அதே வாடை. இன்று நான் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மாவுக்கும் அது தெரிந்துவிட்டது. ரசத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இன்று காரமடைக்குப் போய் நம் ஜீப்புக்குச் சக்கரம் பூட்டும் லாக்கர் மாட்டினோம். அதை உங்களிடம் சொல்ல வேண்டும். இதுவரை சொல்லாத ஒன்றையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் என்னை எழுப்பிப் பாடத்தை வாசிக்கச் சொன்னார். எனக்குக் குரல் வரவில்லை, வகுப்பு சிரித்தது. மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டில் எல்லோரும் ஏன் ஏன் என்று கேட்டார்கள். நீங்கள் மட்டும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து ஜீப்பை வாசலில் நிறுத்தி, "ஏறு அம்மணி. எனக்கு முன்னால நின்னு வழி காட்ட ஒரு ஆளு வேணும். வாயி வேண்டாம், கை போதும்" என்றீர்கள்.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் பள்ளத்துக்கு, அந்தக் காட்டோடைக்கு, பாலம் கிடையாது. மழை பெய்தால் டெம்போ வராது. அக்கரையில் பறித்த தக்காளியும் தேங்காயும் நம் ஜீப்பில்தான் இக்கரைக்கு வரும். யானைகள் இறங்கி ஏறிக் கரையெல்லாம் கோணலாகக் குழி விழுந்திருக்கும். ஓட்டுகிறவருக்கு முன்சக்கரம் எங்கே இறங்குகிறது என்று தெரியாது. நான் முன்னால் நின்று கையை இடது பக்கம் சாய்ப்பேன், வலது பக்கம் சாய்ப்பேன். உள்ளங்கையை விரித்தால் நில் என்று அர்த்தம். அந்த இடத்தில் மட்டும் நான் சொல்வதை ஒரு பெரிய வண்டி கேட்டது.

ஆனாலும் மாட்டிக்கொள்வோம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று சக்கரங்கள் குறுக்காக அந்தரத்தில் தூக்கும். தூக்கிய சக்கரம் சர்ரென்று சுற்றும், மண்ணில் நிற்பது அசையாது. "பாரு அம்மணி, வேலை செய்யறவனுக்குச் சோறில்லை, சும்மா சுத்தறவனுக்குத்தான் விருந்து" என்று சிரிப்பீர்கள். வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் ஓட வேண்டும் என்பதற்காகப் பின்அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல், தார் ரோட்டில் நல்லது செய்கிறது. பள்ளத்தில் அதுவே பலத்தையெல்லாம் தூக்கிய சக்கரத்துக்குக் கொடுத்து நம்மை மாட்டிவிடுகிறது. இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டி வைக்க ஒரு லாக்கர் போட வேண்டும் என்று, ஐப்பசி மழைக்கு முன்னால் காரமடை துரையண்ணன் பட்டறைக்குப் போனோம்.

எதைப் போடுவது என்று நீங்கள் இரண்டு மணி நேரம் குழம்பினீர்கள். உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடலாம் என்றார் பக்கத்தில் இருந்த ஒருவர். "அப்புறம் மார்க்கெட் ரோட்டு வளைவுல டயர் தேஞ்சு போகும், நான் தேயறதுக்கு முன்னால" என்றீர்கள். லிமிடெட் ஸ்லிப் என்று ஒன்று, கொஞ்சமாகப் பிடிக்கும். சக்கரம் முழுக்க அந்தரத்தில் தூக்கிவிட்டால் அதற்குப் பலம் போதாது. கடைசியில் இரண்டுதான் மிஞ்சின. தானாகவே பூட்டிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் ஒன்று, சுவிட்ச் தட்டினால் மட்டும் பூட்டுவது இன்னொன்று.

துரையண்ணன் அலமாரியிலிருந்து ஆட்டோமேட்டிக்கை எடுத்து வைத்தார். "ஏனுங்க தம்பி, இது கையிலயே இருக்குது. சாயங்காலத்துக்குள்ள மாட்டிப்போடுவேன். நீங்க எதையும் நெனைக்க வேண்டாம், அதுவே பாத்துக்கும். சுவிட்ச் வெச்சது வேணும்னா ஆர்டர் போட்டு ஒரு மாசம் காத்திருக்கோணும்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "அம்மணி என்ன சொல்லுது?"

நான் கையை மூடினேன். பிறகு திறந்தேன். வேண்டும்போது பூட்டுவது, வேண்டாதபோது திறப்பது.

"சொல்லிப்போட்டா!" என்று தொடையைத் தட்டினீர்கள். "தானாப் பூட்டறது ஈர ரோட்டு வளைவுல திடீர்னு இழுக்கும்ங்கறா. சரிதானுங்களே?" துரையண்ணன் தலையைச் சொறிந்தார். அப்போது நீங்கள் இன்னொன்றும் சொன்னீர்கள். "அதுபோக, ஆட்டோமேட்டிக் வந்துட்டா கை காட்டறவளுக்கு வேலை போயிருமில்லைங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்துகொண்டேன்.

அண்ணா, அதுதான் உண்மை. ஈர ரோடு என் நினைப்பிலேயே இல்லை. எல்லாம் தானாக நடந்துவிட்டால் நான் மறுபடி அடுப்படியில்தான் நிற்க வேண்டும் என்று பயந்தேன். நீங்கள் விளையாட்டுக்குச் சொன்னீர்களா, தெரிந்துதான் சொன்னீர்களா? இதை மட்டும் யாரிடமும் கேட்க முடியாது.

அன்றே ஜீப்பில் ஏறி, சாக்பீஸால் டேஷ்போர்டில் ஒரு பெருக்கல் குறி போட்டீர்கள். "சுவிட்ச் இங்க." அது வரும்வரை ஒத்திகை நடந்தது. பள்ளத்தில் சக்கரம் தூக்கியதும் நான் கையை மூடிக் காட்ட வேண்டும். நீங்கள் அந்தக் குறியை விரலால் தட்டி, வெளியே நிற்கும் எனக்குக் கேட்கும்படி "டிக்!" என்று கத்துவீர்கள். ஒன்றும் நடக்காது. இறங்கி வந்து, சிரித்துக்கொண்டே சக்கரத்துக்கு அடியில் கல்லைப் போடுவோம்.

அந்த மதியம் நீங்கள் என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. "மேக்கால கருத்துட்டு வருது, நனைஞ்சா உனக்குச் சளி புடிச்சுக்கும். ஒரே நடை, போயிட்டு வாரேன்." அக்கரைத் தோட்டக்காரர் பார்த்திருக்கிறார். நடுப்பள்ளத்தில் சக்கரம் தூக்கிச் சுற்றியது. நீங்கள் இறங்கினீர்கள். குனிந்து கல்லை வைத்துக்கொண்டிருந்தபோது மலையிலிருந்து தண்ணீர் வந்தது. அவர் கத்தியது உங்களுக்குக் கேட்கவில்லை. உங்களைக் கீழே தடுப்பணையில் கண்டார்கள். ஜீப் கொஞ்சம் திரும்பியதோடு சரி, அங்கேயேதான் நின்றது.

ஆர்டர் போட்டு இருபது நாள்தான் ஆகியிருந்தது.

உங்கள் காரியம் முடிந்த பிறகு பார்சல் வந்துவிட்டதாகத் துரையண்ணன் போன் செய்தார். "விக்கறதா இருந்தாலும் வாங்குனதை மாட்டித்தான் விக்கோணும்" என்றார் அப்பா. இன்று காலை அப்பாவே ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்தேன். வழியெல்லாம் இருவரும் பேசவில்லை. எங்களுக்கு நடுவில் பேசிக்கொண்டிருந்தது எப்போதும் நீங்கள்தானே.

பட்டறையில் பின்அச்சைத் திறந்து, நான் பிடித்த தட்டில் பழைய எண்ணெயை வடித்தபோது துரையண்ணன் சொல்லிவிட்டார். "அன்னைக்கே சொன்னனுங்க, கையில இருக்கறதை மாட்டிக்கலாம்னு. தம்பி கேக்கலைங்க. மாட்டியிருந்தா வண்டி ஏறி வந்திருக்குமோ என்னமோங்க."

"அவன் எப்ப யாரு சொல்லி எதைக் கேட்டான்?" என்றார் அப்பா. "பிடிவாதம். அந்தப் பிடிவாதந்தான் அவனைக் கொண்டுட்டுப் போயிருச்சு." அதைச் சொல்லும்போது அவர் முகம் கல்லாக இருந்தது. ஒரு மாதமாக அப்பா ஏன் அழவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உங்கள்மேல் கோபமாக இருந்திருக்கிறார்.

பேசாமல் இருந்திருக்கலாம். எனக்குப் பழக்கம்தான். ஆனால் பழி உங்கள்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"நாந்தாங்கப்பா" என்றேன். குரல் பாதியில் நின்றது. அப்பா திரும்பினார். "சுவிட்ச் வெச்சது வேணும்னு நாந்தான் சொன்னேனுங்க. அண்ணன் என்னைத்தான் கேட்டுச்சு. மத்தது வந்தா என்னையக் கூட்டிட்டுப் போகமாட்டாங்கன்னு பயந்துட்டு, நாந்தாங்கப்பா..."

துரையண்ணன் கையில் ஸ்பேனரோடு நின்றுவிட்டார். அப்பா என்னைப் பார்த்தார். "அப்ப பிடிவாதமில்லை" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். "தங்கச்சி கேட்டதை வாங்கியிருக்கான்." வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். அப்பாவின் தோள் குலுங்குவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

திரும்பி வந்தபோது என்மேல் கோபமா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. வேலையெல்லாம் முடிந்து சுவிட்ச் மட்டும் பாக்கி. "தம்பி குறி போட்டு வெச்சிருக்குதுங்க" என்று துரையண்ணன் சாக்பீஸ் குறியைக் காட்டினார். தண்ணீர் அதுவரை ஏறவில்லை போலிருக்கிறது, அழியாமல் இருந்தது. அப்பா அதைத் தொட்டுப் பார்த்தார்.

"பாப்பா, ஏறி உக்காரு. கையை நீட்டு."

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். உங்கள் நீளக் காலுக்காகப் பின்னால் தள்ளி போல்ட் போட்ட சீட். கையை எவ்வளவு நீட்டியும் உங்கள் குறி எட்டவில்லை. என் விரல் போய் நின்ற இடத்தில் அப்பா நகத்தால் கீறினார்.

"இங்க வெய்யுங்க. சீட்டையும் முன்னால தள்ளிப்போடுங்க."

"ஏனுங்க, வண்டிய விக்கறதில்லீங்களா?"

அப்பா ஸ்பேனரை எடுத்துச் சீட்டுக்கு அடியில் குனிந்தார்.

உங்கள் குறியைத் துடைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சுவிட்சுக்கு நாலு விரல் தள்ளி அது அப்படியே இருக்கிறது. அன்று ஆட்டோமேட்டிக்கை மாட்டியிருந்தால் நீங்கள் இந்நேரம் சாப்பிட வந்திருப்பீர்களா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரியாமலேயே நான் இதைச் சுமந்துகொண்டு இருப்பேன்.

எல்லாம் முடிந்ததும் துரையண்ணன் என்னைத்தான் தட்டிப் பார்க்கச் சொன்னார். முன்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் யாரும் இல்லை. இடது கையை மடியில் வைத்து மூடினேன். பிறகு சுவிட்சைத் தட்டினேன். பின்னால் டிக் என்றது. நீங்கள் வாயால் போட்ட சத்தத்தைவிட ரொம்பச் சின்னச் சத்தம், அண்ணா.