வைக்கோலுக்கு வைத்த கொள்ளி

பயம் வந்தால் முதலில் வாயில் வரும் என் அம்மாவுக்கு,

நீ போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இங்கே நடப்பதைச் சொன்னால் நம்புவாயா? அப்பா வந்திருக்கிறார். உயிரோடு.

உன் கருமாதிப் பந்தலில், சாப்பிட உட்கார்ந்த ஜனங்களுக்கு நடுவே, வெள்ளைத் தாடியும் மஞ்சள் பையுமாக வந்து நின்றார். கல்வராயன் மலைக்கு மரம் வெட்டப் போனவரைக் காட்டாறு அடித்துக்கொண்டு போய்விட்டது என்று, தேடிப் போன நீதானே வந்து சொன்னாய்? உடல் கிடைக்கவில்லை என்று வைக்கோலில் உருவம் கட்டி, வேட்டி சுற்றி, கோமுகி ஆற்றங்கரையில் எரித்தோம். அப்போது சின்னப் பையனாக இருந்த தம்பி மொட்டைத் தலையோடு கொள்ளிச்சட்டி தூக்கினான். சூடு தாங்காமல் அவன் கையை மாற்றி மாற்றிப் பிடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தம்பி சண்டை போடுவான் என்று நினைத்தேன். "நீங்க யாருங்க?" என்றுதான் கேட்டான்.

"நான்தான்டா, உங்கப்பன்."

"எங்கப்பனுக்குக் கொள்ளி வச்சதே நான்தான். எனக்குத் தெரியாதா?"

குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருக்காது. வேளாவேளைக்குச் சோறு போடுகிறான். ஆனால் அமாவாசைப் படையல் மாதிரி இலை போட்டு, காக்காய்க்கு வைத்த பிறகுதான் அவரைச் சாப்பிடச் சொல்கிறான். அவரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுகிறார்.

"இன்னாடா பண்ணிக்கினு இருக்க?" என்று நேற்று கேட்டேன்.

"காரியம் முடிஞ்ச ஆளு ஊருக்குள்ள சுத்தக் கூடாதுக்கா. நாளைக்கு மலைக்கு இட்டுக்கினு போறேன். ஆறு அடிச்சிக்கினு போன எடத்த அவரே காட்டட்டும்." சிரித்துக்கொண்டே சொன்னான்.

இன்று காலை அப்பாவை எங்காவது ஓடிவிடச் சொன்னேன். அவர் அசையவில்லை. "ஒங்கம்மாவுக்குத் தெரியும்மா. மலைக்கு அந்தாண்ட ஆத்தூர்ல இன்னொருத்தியோட நான் இருந்தத அவ கண்ணால பாத்தா. ஒரு வார்த்த பேசல. திரும்பி வந்து என்னக் கொளுத்திட்டா. எனக்குக் காரியம் முடிஞ்ச சேதி கேட்டப்பறம் எந்த மூஞ்சியோட நான் வர்றது?"

அப்படியா அம்மா? தெரிந்தேதான் தாலியைக் கழற்றினாயா? விட்டுப் போனவரை நீ எப்படித் தண்டித்திருந்தாலும் நான் கேட்கமாட்டேன். ஆனால் அந்த நெருப்பைப் பிள்ளை கையில் ஏன் கொடுத்தாய்? அப்பன் செத்த பையன் என்றே வளர்ந்தவன், இப்போது அதை மெய்யாக்கப் பார்க்கிறான்.

வண்டிக்குப் பெட்ரோல் போடப் போயிருக்கிறான். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருக்கிறார்.

அவன் உன் படத்தைக் கும்பிடாமல் வாசல் தாண்டுவதில்லை. அப்படிப்பட்டவனிடம் நீ செய்ததை இன்று சொல்லப் போகிறேன். வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, ஒன்றுவிடாமல் சொல்வேன். இது சத்தியம். அவன் உன்னைத் திட்டட்டும், உன் படத்தைத் தூக்கிப் போட்டு உடைக்கட்டும். அந்தக் கோபத்தை யார் மேலாவது அவன் இறக்கியாக வேண்டும். அடிபட்டாலும் வலிக்காத ஆள் நம் வீட்டில் நீ ஒருத்திதான் அம்மா.

உன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிற,
உன் மூத்த மகள்