கயிற்றுத் துப்பாக்கிக்கு ஒரு குழல்

நாள் 211. காலை 06:10

நிலையத்தின் காற்றழுத்தம் சரி. மின்கலம் 94 விழுக்காடு. இந்தச் சிறுகோளில் நாங்கள் இருவர்தான்: இயந்திரப் பணிக்கு நான், செண்பகவல்லி, பாறை ஆய்வுக்கு ஜெரோம். மாதிரி எடுக்க அவன் விண்ணோடத்தில் கிளம்பிவிட்டான். என் பங்குத் தேநீர்ப் பொட்டலமும் அவனோடு போயிருக்கிறது. புகாராகவே பதிகிறேன்.

07:25

ஓடத்தின் எரிவாயுக் கலன் ஒன்று வெடித்தது. ஜெரோம் உயிரோடு இருக்கிறான். உந்துபொறி இயங்கவில்லை. வெடிப்பு தள்ளிய வேகத்தில் ஓடம் நிலையத்தை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. அவன் விண்ணுடை கிழிந்துவிட்டது, வெளியே வர முடியாது. என் விண்ணுடை போன வாரமே பழுது, அழுத்தம் தாங்காது. வேறு ஓடம் இல்லை.

பூமிக்குச் செய்தி அனுப்பினேன். பதில் வர எண்பது நிமிடம்.

08:30

ஒரே வழி, நிலையத்தின் சுவரில் பொருத்திய கயிற்றுத் துப்பாக்கி. கொக்கி கட்டிய கயிற்றை உள்ளிருந்தபடியே சுட்டு எறியலாம். ஓடத்தின் இயந்திரக் கரம் அதைப் பற்றிக்கொண்டால் இழுத்துவிடலாம். கரம் எட்டுவது மூன்று மீட்டர். கயிறு ஆயிரம் மீட்டர்.

சோதித்தபோது குழலில், தோட்டா உட்காரும் இடத்தில் நீளமாக ஒரு விரிசல். சுட்டால் என் முகத்தில்தான் வெடிக்கும்.

உதிரிக் குழல் ஒன்று இருக்கிறது. தோட்டா அறை குடையாத வெறுங்குழல். கடைசல் இயந்திரத்தில், லேத்தில், ஏற்றி நானே குடைய வேண்டும்.

தொலைவுமானி ஓடத்தில் மட்டுமே உண்டு. ஜெரோம் படித்துச் சொன்னான்: "முந்நூத்திப் பத்து மீட்டர்க்கா. மணிக்கு எழுவது கூடுது. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் நேரம் கெடக்கு. நிதானமா செய்யுங்க."

08:50

பூமி: "உத்தரவு வரும்வரை வேலையைத் தொடங்க வேண்டாம். குழு கூடுகிறது."

தொடங்கிவிட்டேன்.

11:05

குழலை லேத்தின் சுழலும் பிடியில், சக்கில், பிடித்தாயிற்று. சுற்றும்போது, மையப் பிசகைக் காட்டும் டயல் கேஜின் முள் நான்கு கோடு ஆடுகிறது. இப்படியே குடைந்தால் தோட்டா கோணலாக உட்காரும். அவ்வளவு தொலைவில் கொக்கி எங்கேயோ போய்விடும்.

"இன்னொரு தடவ மையம் பாக்கவா? முக்கால் மணி நேரம் ஆகும்" என்று கேட்டேன்.

அவன் தொலைவுமானியை மறுபடி தட்டிப் பார்க்கும் ஒலி கேட்டது. பிறகு: "பாருங்கக்கா. நேரந்தான் கெடக்குல்லா."

11:50

முள் ஆடவில்லை.

14:20

துளையைக் குடையும் ரீமர் மயிரிழை மயிரிழையாகத்தான் இறங்குகிறது. கொஞ்சம் வெட்டுவேன், வெளியே எடுப்பேன், துருவலைத் துடைப்பேன், மறுபடி விடுவேன். இங்கே எதுவும் கீழே விழாது. துருவல் கண்ணெதிரே மிதக்கிறது, எண்ணெய் உருண்டை உருண்டையாக வந்து கன்னத்தில் ஒட்டுகிறது. வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன். ரீமர் அதிர்ந்தது. குறைத்துவிட்டேன். வெட்டுகிற நேரத்துக்கு அது வெட்டும். நான் பக்கத்தில் நிற்கலாம், அவ்வளவுதான்.

ஜெரோம் பேசிக்கொண்டே இருக்கிறான். "இந்தப் பலகையில நூத்திப் பதினேழு திருகாணி இருக்குக்கா. மூணு போட மறந்துட்டாவ."

தொலைவு கேட்டேன். "எழுநூத்தி முப்பது."

16:05

நாள் முழுக்க ஓடியதில் மின்கலம் இறங்கி லேத் நின்றுவிட்டது. இன்னும் ஒன்றரை மில்லிமீட்டர் பாக்கி. கால்களைச் சட்டத்தில் கட்டிக்கொண்டு சக்கைக் கையால் சுற்றுகிறேன். உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது.

16:50

முடிந்தது. தோட்டா பிசகாமல் உட்கார்ந்தது. இவ்வளவு நல்ல வேலையை நான் இதுவரை செய்ததில்லை.

17:05

சுட்டேன். கயிறு நேராகப் போனது. கடைசிச் சுற்று வரை ஓடி, ஒரு வெட்டு வெட்டி நின்றது.

"யக்கா, கொக்கி தெரியுது. என்னையப் பாத்து நேரா வந்துச்சு."

"கரத்த நீட்டு, ஜெரோம்!"

"நீட்டிட்டேன்க்கா. எட்டல. நாப்பது மீட்டர் இருக்கும்."

17:30

ஓடத்தின் இரண்டாவது எரிவாயுக் கலன் காலை ஒன்பது மணியிலிருந்தே கசிகிறதாம். அந்தக் கசிவு ஓடத்தை மேலும் மேலும் தள்ளியிருக்கிறது. மானி காட்டியதைக் குறைத்துக் குறைத்துச் சொல்லியிருக்கிறான்.

"ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா ஒங்க கை நடுங்கும்லாக்கா. எப்படியும் நாலு மணிக்குள்ள முடிச்சிருவியன்னு நெனச்சேன்."

சொல்லியிருந்தால் நான் இரண்டாவது முறை மையம் பார்த்திருக்க மாட்டேன். முக்கால் மணி நேரம் முன்னால் சுட்டிருப்பேன். கோணலாகப் போயிருக்கலாம். எட்டியும் இருக்கலாம். இதை அவனிடம் சொல்லவில்லை.

கயிற்றை இழுத்துச் சுற்ற இரண்டு மணி நேரம். அதற்குள் ஓடம் இன்னும் இருநூறு மீட்டர் போய்விடும். நிலையத்தில் உள்ள மற்றக் கயிறு, கம்பி எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டுச் சேர்த்தாலும் கூடுவது நூற்றிருபது மீட்டர்தான். மூன்று முறை கணக்குப் போட்டேன். இருந்தாலும் இழுத்துச் சுற்றுகிறேன்.

18:10

பூமி: "குழலில் தோட்டா அறை குடைய அனுமதி வழங்கப்படுகிறது. நிதானமாகச் செய்யவும்."

19:20

சுற்றி முடித்தேன். ஆயிரத்து இருநூற்று எழுபது என்கிறான். இந்த முறை உண்மையைச் சொல்கிறான் என்று நினைக்கிறேன். காற்று நாளை நண்பகல் வரை இருக்கிறதாம்.

"ரேடியோவ அமத்திட்டுப் போயி எதாச்சும் சாப்பிடுங்கக்கா. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலல்லா. நானும் செத்த நேரம் கண்ண மூடுதேன்."

சரி என்றேன்.

19:40

ரேடியோவை அணைக்கவில்லை. என் பக்க ஒலியை மட்டும் நிறுத்தினேன். அவன் பக்கம் திறந்தே இருக்கிறது, அது அவனுக்குத் தெரியாது.

அழுகிறான். வாயைப் பொத்திக்கொண்டு.

பேசும் பொத்தானை அழுத்திக் கூப்பிட்டால் உடனே அழுகையை நிறுத்திவிடுவான். எனக்காகச் சிரித்துப் பேசுவான். அழுத்தாவிட்டால் அங்கே தனியாக

விரல் பொத்தான்மேல்தான் இருக்கிறது