கால் மாற்றிப் போட்ட ஷூ

சாண்டா பௌலா
12 அக்டோபர் 1973

ஹார்விக்கு,

நாலு வருஷம் கழித்து எழுதுகிறேன். உன் பிறந்தநாளுக்கு எழுதாதவள், உனக்கு விருது வந்தபோது எழுதாதவள், இப்போது ஒரு ஜோடி ஷூவுக்காக எழுதுகிறேன் என்றால் நீ சிரிப்பாய். சிரித்துவிட்டு மேலே படி.

நேற்று இரவு டிவியில் உன் ‘வெகுதூரக் கப்பல்’ தொடர் பார்த்தேன். பத்து நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. தளபதி மகளோடு அந்நியக் கோளில் இறங்குகிறார். புயல். மகளைக் காணோம். மணலைக் கையால் தோண்டுகிறார். கடைசியில் தன் வீட்டுக் கட்டிலில் விழித்துக்கொள்கிறார்: அத்தனையும் கனவு! மாடிப்படியில் சின்னக் கால்கள் இறங்கி வருகின்றன. சுபம். அப்புறம் சோப்பு விளம்பரம்.

இதையே ‘ஒன்பதாம் நிலா’வில் ஒரு டாக்டருக்கு எழுதினாய். ‘சாம்பல் கோள்’ தொடரில் ஓர் இயந்திர மனிதனுக்கு எழுதினாய். இயந்திரத்துக்கு ஏது மகள் என்று ஸ்டூடியோவில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லையா? பக்கத்து வீட்டு ஓச்சோவா அம்மாள் என்னோடுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். “இது போன வருஷமே வந்துச்சே இர்மா, அப்ப தாடி வச்ச ஆளு தோண்டுனான்” என்றாள். எனக்குத்தான் மானம் போயிற்று.

அது உன் பிழைப்பு, போகட்டும். நான் எழுதுவது ஷூவைப் பற்றி. ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று கன்டினியூட்டி பார்த்தே சம்பாதித்தவள் நான். இங்கே எலுமிச்சைக் கிடங்கில் கணக்கு எழுத வந்த பிறகும் கண் ஓயவில்லை. குழந்தை படியில் இறங்கும்போது ஷூ கால் மாறி இருக்கிறது, இடதில் வலது, வலதில் இடது. கிட்டத்தில் காட்டும்போது சரியாக இருக்கிறது.

இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நீ அதைத் தவறவிட்டதில்லை. யார் சரிசெய்தது? நம் ரூத்தி ஒருநாளாவது ஷூவைச் சரியாகப் போட்டிருக்கிறாளா? டிவிக்கு முன்னால் எழுந்து நின்று கத்தினேன். ஓச்சோவா அம்மாள் பயந்துபோய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

இர்மா


பர்பாங்க்
20 அக்டோபர் 1973

அன்புள்ள இர்மா,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். தபால்காரர் “கெட்ட செய்தியா சார்?” என்றார். “இல்லப்பா, திட்டு வந்திருக்கு” என்றேன். “அப்ப பொண்டாட்டியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஷூ விஷயத்தில் நீ சொல்வது நியாயம். நோவாக் அம்மாள் என்று உடைகளுக்குப் புதிதாக ஒருத்தர் சேர்ந்திருக்கிறார். நல்ல மனசு. நான் காபி குடிக்கப் போன நேரத்தில், “ஐயோ பாவம், பிள்ள கால் மாத்திப் போட்டுட்டு நிக்குதே” என்று மண்டியிட்டு மாற்றிவிட்டிருக்கிறார். என்னிடம் வந்து பெருமையாக வேறு சொன்னார். மறுபடி எடுக்க நேரமில்லை. நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

கதையைப் பற்றி. டிவைட்டை உனக்கு ஞாபகம் இருக்கும், இன்னும் அவன்தான் தயாரிப்பாளர், இன்னும் அதே சுருட்டு. “ஜனங்களுக்குப் பழைய கதைதான்யா வேணும், கோள மட்டும் மாத்து” என்பான். பதினெட்டுப் பேர் எழுதுகிற ஸ்டூடியோவில் எல்லோரும் எல்லோருடையதையும் திருடுகிறார்கள். நான் என்னுடையதையே திருடுகிறேன். அந்த மட்டில் நான் யோக்கியன்.

கனவு முடிவையும் கேலி செய்கிறாய். அது முடிந்ததும் ஜனங்கள் தூங்கப் போக வேண்டும் இர்மா. மணலைத் தோண்டிக்கொண்டிருக்கும் ஒரு மனிதனை அப்படியே விட்டுவிட்டு அவர்களை எப்படிப் படுக்க அனுப்புவது? அவள் படியில் இறங்கி வந்தால் எனக்கும் அன்றைக்குத் தூக்கம் வருகிறது.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அந்தப் பழைய காரையா இன்னும் ஓட்டுகிறாய்? பிரேக்கைப் பார்க்கச் சொல். மறுபடி எழுது, திட்டியாவது எழுது.

உன்
ஹார்வி


சாண்டா பௌலா
18 நவம்பர் 1973

அன்புள்ள ஹார்வி,

கார் ஓடுகிறது. முழங்கால் மழைக்கு வலிக்கிறது. இந்த வருஷம் எலுமிச்சை கொள்ளை விளைச்சல், கிடங்கெங்கும் அந்த வாசனைதான். காபியிலும்கூட.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அவள், அவள் என்றே எழுதியிருக்கிறாய். பெயர் ஓரிடத்திலும் இல்லை. அவளைப் புதைத்து வந்த நாளிலிருந்து நீ அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ‘இறந்துவிட்டாள்’ என்ற வார்த்தையையும் கேட்டதில்லை.

நான் ஏன் போனேன் என்று கேட்கிறவர்களிடம், உன் தட்டச்சு சத்தம் தாங்காமல் போனதாகச் சொல்லி வருகிறாயாமே. நல்ல வேடிக்கை. உண்மைக் காரணம் உனக்குத் தெரியாது, ஏனென்றால் அப்போது நீ பாதித் தூக்கத்தில் இருப்பாய். காலையில் கண் திறக்காமலே, “இர்மா, அவள எழுப்பு, ஸ்கூல் பஸ் வந்துரும்” என்பாய். தினமும். நான் உன் தோளைத் தொட்டு, “இல்ல ஹார்வி” என்பேன். நீ கண்ணைத் திறப்பாய். உன் முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு எழுந்து போய்ப் பல் தேய்ப்பாய், ஒன்றும் நடக்காததுபோல.

காய்ச்சல் அவளை ஒரு தரம்தான் கொண்டுபோயிற்று. நான் என் வாயால் தினம் தினம் கொண்டுபோனேன். இரண்டு வருஷம் செய்தேன், அதற்கு மேல் முடியவில்லை. உன்மேல் கோபத்தால் போகவில்லை ஹார்வி. இன்னொரு காலையைப் பார்க்கத் தெம்பில்லாமல் போனேன்.

அதனால்தான் உன் தளபதி விழித்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். அவருக்கு யார் சொல்லப் போகிறார்கள்? அந்த வீட்டில் யாரோ ஒருத்தி அடுப்படியில் நின்றுகொண்டிருப்பாள். அவளைக் காட்டுவதற்கு முன் நீ சோப்பைக் காட்டிவிடுகிறாய்.

மார்ச்சில் அவள் நினைவு நாளில் விளக்கேற்ற வரச் சொல்லி ஒவ்வொரு வருஷமும் ஆள்மூலம் சொல்லி அனுப்புகிறேன். உனக்குப் படப்பிடிப்பு இருந்துவிடுகிறது. தொடர் முடியப் போவதாகப் பத்திரிகையில் பார்த்தேன். கடைசிக் கதை உன் கையில்தானே? ஒரே ஒரு தரம், அந்தப் படியில் யாரையும் இறக்காதே.

இர்மா


பர்பாங்க்
9 ஜனவரி 1974

அன்புள்ள இர்மா,

நாள் கடந்து எழுதுகிறேன். உன் கடிதத்துக்குப் பதில் என்று நாலைந்து தரம் ஆரம்பித்துக் கிழித்தேன். காலையில் நான் அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. இப்போது தனியாகத்தான் படுக்கிறேன். இன்னும் சொல்கிறேனோ என்னவோ, கேட்க ஆளில்லை.

தொடர் முடிகிறது. டிவைட் கேட்கும் கடைசிக் கதையைக் கேள்: தளபதி கட்டிலில் விழிக்கிறார். விண்வெளிக்கே போகவில்லை. மூன்று வருஷமாக ஜனங்கள் பார்த்தது மொத்தமும் கனவு. “ஒரு கட்டில், ஒரு மாடிப்படி, ஒரு பிள்ள. செலவே இல்ல! இத எழுத உன்ன விட்டா ஆளு யாருய்யா?” என்று முதுகில் தட்டினான். அதுவும் சரிதானே.

உட்கார்ந்து எழுதினேன். விழித்தார். எழுந்தார். படிக்குக் கீழே வந்து நின்றார். ‘மேலிருந்து மகள் இறங்கி வருகிறாள்’ என்று விரல் தானாக அடித்துவிட்டது. அந்த வரியைக் கோடு போட்டு வெட்டிவிட்டேன். அது ஒரு வாரத்துக்கு முன்னால். அன்றிலிருந்து அந்த மனிதர் படிக்குக் கீழேயே நிற்கிறார்.

அடுத்து என்ன என்று எனக்குத் தெரியவில்லை இர்மா. இத்தனை கோள்களை எழுதியவனுக்கு அந்த ஓர் அறையை எழுத வரவில்லை. நான் அங்கே இருந்ததே இல்லை. நீதான் இருந்தாய். யாரும் வராத படிக்குக் கீழே நின்று மனிதர்கள் என்ன செய்வார்கள்? சொல்.

ஹார்வி


சாண்டா பௌலா
14 ஜனவரி 1974

அன்புள்ள ஹார்வி,

பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. காபி போடுவார்கள். அது அடுப்பில் பொங்கி வழியும், துடைப்பார்கள். அவள் ஷூ கீழ்ப்படியில் கிடக்கும். அதை எடுத்து உள்ளே வைக்க மாட்டார்கள், சுற்றிப் பெருக்குவார்கள். நான் அந்த வீட்டில் இருந்தவரை அப்படித்தான் பெருக்கினேன், நீ கவனித்ததில்லை.

அப்புறம் ஒருநாள் யாராவது வந்து சாதாரணமாக எதையோ கேட்பார்கள். அன்றைக்கு வாய் திறந்து சொல்லியாக வேண்டும். எனக்கு அது மளிகைக் கடையில் நேர்ந்தது. “பாப்பா எங்கம்மா, இன்னிக்கு மிட்டாய் வேணாமா?” என்று கடைக்காரர் கேட்டார். சொன்னேன். அழகாகச் சொல்லவில்லை. அவர் அழுதுவிட்டார், நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. ஆனால் வெளியே வந்தபோது மூச்சு விட முடிந்தது.

இதில் டிவைட்டுக்குச் செலவும் இல்லை.

இர்மா


பர்பாங்க்
21 பிப்ரவரி 1974

அன்புள்ள இர்மா,

எடுத்துவிட்டோம்.

நீ சொன்னபடி எழுதினேன். டிவைட் படித்துவிட்டு அறைக்குள் குதித்தான். “இது சோப்புக் கம்பெனி காசுல ஓடுற ஷோ, எழவு வீடு இல்ல! பொண்ணு வர்றா, கட்டிப்பிடிக்கிறா, அவ்வளவுதான்!” என்றான். படப்பிடிப்பு நாள்வரை இரண்டு முடிவும் மேசையிலேயே கிடந்தன. குழந்தை நடிகையும் வந்து தயாராக உட்கார்ந்திருந்தாள்.

கீழ்ப்படியில் ஷூவை நான்தான் கொண்டுபோய் வைத்தேன், நம் வழக்கப்படி கால் மாற்றி. கேமரா ஓட ஆரம்பித்தது. பார்த்தால் நோவாக் அம்மாள் குனிந்தபடி ஓரமாகப் போய்க்கொண்டிருக்கிறார், அதைச் சரிசெய்ய! எனக்குள் என்ன புகுந்தது என்று தெரியவில்லை, ஓடுகிற கேமராவுக்கு நடுவே பாய்ந்தேன். “மாத்தாதீங்க! என் பொண்ணு அப்படித்தான் போடுவா!” என்றேன். செட்டே திரும்பிப் பார்த்தது. நோவாக் அம்மாள் பதறிப்போய், “ஓ, உங்க பொண்ணும் வந்திருக்காளா சார்?” என்று கதவைப் பார்த்தார்.

நல்ல மனசோடுதான் கேட்டார். எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. நான் சொன்னேன்: “இல்லம்மா. அவ செத்துட்டா. ரூத்தின்னு பேரு. ஆறு வயசு.”

சொல்லிவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நோவாக் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். டிவைட் சுருட்டை வாயிலிருந்து எடுத்தான். “ஆறு வருஷமா உன்கூட வேலை பாக்கறேன். உனக்குப் பொண்ணு இருந்தாளா?” என்றான். அவனிடமும் சொன்னதில்லை இர்மா. யாரிடமும் சொன்னதில்லை. அவன் வெளியே போய்விட்டு வந்து, “அந்தக் குட்டிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்து வீட்டுக்கு அனுப்புங்க. இவன் எழுதுனபடியே எடுங்க” என்றான்.

28ஆம் தேதி வியாழன் இரவு வருகிறது. நீ பார்க்க வேண்டும். ரூத்தி, ரூத்தி, ரூத்தி. எழுதிப் பார்க்கிறேன். எழுத வருகிறது.

உன்
ஹார்வி


சாண்டா பௌலா
1 மார்ச் 1974

அன்புள்ள ஹார்வி,

பார்த்தேன். தளபதி விழித்தார், எழுந்தார், படிக்குக் கீழே நின்றார். ஷூ கால் மாறிக் கிடந்தது. காபி பொங்கியது, துடைத்தார். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஓர் இளைய அதிகாரி கதவைத் தட்டி, “குட்டி ரெடியா சார், போலாமா?” என்றான். தளபதி வாயைத் திறந்து, “இல்லப்பா, அவ இறந்துட்டா” என்றார். எனக்குத் தெரிந்து உன் கதையில் இதற்கு முன் யாரும் இதைச் சொன்னதில்லை. அங்கே முடிந்தது. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியாமல் நான் பார்த்த உன் முதல் கதை இதுதான்.

சோப்பு விளம்பரம் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. விளம்பரம் முடிந்ததும் வருவாள் என்று உட்கார்ந்திருந்தேன். செய்தி ஆரம்பித்தது, அதுவும் முடிந்தது, தேசியகீதம் போட்டு டிவியே அடங்கியது. வரவில்லை. ஒரே ஒரு தரம் இறக்காதே என்று கேட்டவளே நான்தான். நீ செய்துவிட்டாய், உன்மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம்.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் டாக்டரையும் இயந்திர மனிதனையும் நான் கதைக்காகப் பார்த்ததில்லை. அந்தக் கடைசி நிமிஷத்துக்காகத்தான் பார்த்தேன். ஷூவை மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கி உனக்கு மட்டுமா வந்தாள்? எனக்கும்தான் வந்தாள். நீ கனவு காண்கிறாய் என்று ஊரெல்லாம் குறை சொல்லிக்கொண்டு, உன் கனவின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஓச்சோவா அம்மாள் காலையில் வந்து, “கடசில பொண்ணு வரவே இல்லையே இர்மா, அடுத்த வாரம் வருமா?” என்று கேட்டாள். வராது என்றேன். அப்புறம் உட்காரவைத்து ரூத்தியைப் பற்றிச் சொன்னேன். இத்தனை வருஷம் பக்கத்து வீடு, அவளிடம் நானும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு பேருமாக அழுதுவிட்டு சூப் சாப்பிட்டோம்.

இனி டிவியில் பார்க்க எனக்கு ஒன்றும் இல்லை ஹார்வி. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நீ நேரில் வந்துதான் சொல்ல வேண்டும். பத்தாம் தேதி ஞாயிறு, பொழுது சாயும்போது அவளுக்கு விளக்கு. மெழுகுவர்த்தி வாங்கி வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் நானே ஏற்றினேன், இந்தத் தரம் தீக்குச்சியை நீ கிழி.

பார்க்காமல் விட்டுவிடாதே, உன் காரிலும் பிரேக் சரியாக இருக்கிறதா பார்.

உன்
இர்மா