ஒட்டுநாடாவுக்குப் பின்னால் இருந்த யன்னல்கள்

இன்று காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு மருமகள் சாமித்தட்டில் ஊதுபத்தி கொளுத்தினாள். புகை முதலில் நேராக எழும்பியது. பிறகு குசினி யன்னல் பக்கம் வளைந்து, அவசர வேலை இருப்பதுபோல வெளியே போனது. நான் தனியே சிரித்துவிட்டேன்.

"என்ன மாமா, காலமையே சிரிப்பு?"

"காத்து நல்லா ஓடுது பிள்ளை."

அவளுக்கு விளங்கவில்லை. உமக்கு விளங்கும், நண்பரே. நீர் எங்களை விட்டுப் போய்ப் பதினான்கு மாதமும் ஆறு நாளும் ஆகின்றன. ஆனாலும் இந்தச் சிரிப்பைப் பங்குபோட வேறு ஆளில்லாதபடியால் உமக்கே எழுதுகிறேன்.

நீர் எங்கள் வகுப்பறைக்குள் ஊதுபத்தி கொளுத்திய நாள் 2023ஆம் ஆண்டு யூலை மாதம் 22ஆம் திகதி, சனிக்கிழமை. பதினைந்தாம் திகதி என்றே நீர் கடைசிவரை சாதித்தீர். என்னிடம் நாட்குறிப்பு இருக்கிறது. நீர் வாழ்நாளில் ஒரு நாட்குறிப்பும் வைத்திருந்ததில்லை. ஆகவே 22 என்றே எழுதுகிறேன்.

கிளென் வேவர்லியில் நடக்கும் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு நான் அதிபர். நீர் தேநீர்ப் பொறுப்பாளர். வேலைக்காலம் முழுவதும் மெல்பேர்ண் கட்டடங்களின் கூரைக்குள் தவழ்ந்து காற்றுக் குழாய் பொருத்திய மனிதரிடம் நான் தேயிலைப் பெட்டியைத்தான் ஒப்படைத்திருந்தேன். அதற்காக நீர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அந்தக் குளிர்காலத்தில் என் கவலையெல்லாம் பின்வளவு அறையில் நடந்த மதிய வகுப்பைப் பற்றியது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தமிழை ஒரு பாடமாக எடுக்கவிருந்த பத்தொன்பது பிள்ளைகள். ஒரு மணிக்கு உற்சாகமாக வந்து இருப்பார்கள். இரண்டு மணிக்குக் கொட்டாவி. இரண்டரைக்குக் கண்கள் சொருகும். நான் கண்டித்தேன், எழும்பி நின்று வாசிக்கச் செய்தேன். "சேர், டூ ஓ க்ளொக் ஆனா பிரெயின் ஓஃப் ஆகுது" என்று ஒரு பெண்பிள்ளை உண்மையைச் சொன்னாள். அதை வாய்க்கொழுப்பு என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் நிர்வாகக் குழுவுக்கு ஓர் அறிக்கை எழுதினேன்: 'மாணவரிடம் ஊக்கம் இல்லை. இத்தவணையுடன் வகுப்பை நிறுத்துவது உசிதம்.' மறுநாள் ஞாயிற்றுக்கிழமை குழு கூடவிருந்தது. வகுப்பு நின்றால் அந்தப் பிள்ளைகளிற் பலர் பாடத்தையே கைவிட்டுவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன்.

மதிய இடைவேளையில் அந்த அறிக்கையை உம்மிடம் காட்டினேன். தேநீரை உறிஞ்சியபடி இருமுறை வாசித்தீர்.

"என்ன காணும், பத்தொன்பது பேருக்கும் ஒரே மணித்தியாலத்தில ஊக்கம் போகுமோ?"

"இந்தக் காலத்துப் பிள்ளையள் அப்பிடித்தான்."

"அப்ப, காலமை இதே பிள்ளையள் விளையாட்டுத் திடலில ஓடித் திரிஞ்சது?"

நான் அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தேன். இரண்டு மணிக்கு நீர் வகுப்புக்குள் வந்தீர். ஒரு கையில் கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி, மற்றக் கையில் உம்முடைய காரிலிருந்த ஊதுபத்திப் பெட்டி. பத்தியைக் கொளுத்தினீர்.

"தீ அபாயமணி அடிச்சுதெண்டால் நீர்தான் பொறுப்பு" என்றேன்.

"அது அடிச்சாலாவது எல்லாரும் வெளியில போய் மூச்சு விடுவினம்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்று வாரத்தின் பின் அந்த அறையில் நான் கேட்ட முதற் சிரிப்பு அது. புகையோ அசையவில்லை. தூண்போல நின்று, தலைக்கு மேலே பரவி, அங்கேயே தங்கிவிட்டது. கருவி இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது காட்டியது. வெளியே கொண்டுபோய்ப் பிடித்தீர், நானூற்று முப்பது.

"எல்லாரும் விட்ட மூச்சையே எல்லாரும் திருப்பி எடுக்கினம். கொட்டாவி வராமல் என்ன வரும்?" என்றீர். பிறகு சுவரை அண்ணாந்து பார்த்தீர். அங்கே வரிசையாக நான்கு பெரிய அட்டைகள்: உயிரெழுத்து, மெய்யெழுத்து, வேற்றுமை, புணர்ச்சி. என் சொந்தக் கையெழுத்து. கதிரையில் ஏறி, வேற்றுமை அட்டையின் ஓரத்தை நகத்தால் கிளப்பினீர். பின்னால் ஒரு யன்னல் இருந்தது.

நான்கு மேல் யன்னல்கள், நான்கு அட்டைகள். மே மாதம் 27ஆம் திகதி, குளிர் உள்ளே வரக்கூடாதென்று, பொதி கட்டும் அகன்ற நாடாவால் நாற்புறமும் இடைவெளியின்றி ஒட்டியவன் நானே. நான் எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்வேன்.

"யன்னலால மட்டும் காத்தெடுக்கிற வகுப்பறையெண்டால், திறக்கிற இடம் தரையின்ர அளவில இருபதில ஒரு பங்கெண்டாலும் இருக்கவேணும். இந்த நாட்டுக் கட்டட விதியில கிடக்கு காணும். கட்டினவன் கணக்காத்தான் வச்சிட்டுப் போயிருக்கிறான். நீர் வேற்றுமையால அடைச்சுப் போட்டீர்!"

பிள்ளைகள் முன்னால் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அவ்வளவு சந்தோஷப்பட்டதும் இல்லை. குற்றம் பிள்ளைகளிடம் இல்லை, நாடாவில் இருந்தது. நாடாவை உரித்துவிடலாம். பத்தொன்பது பேரும் கதிரைகளில் ஏறி உரித்தார்கள். இருபத்தைந்து நிமிடத்தில் கருவி எண்ணூற்றுக்குக் கீழே இறங்கியது. ஒவ்வொரு நூறு இறங்கும்போதும் கைதட்டினார்கள்.

மூன்று மணிக்குப் பிள்ளையை ஏற்றிப்போக வந்த தாய் ஒருவர் திறந்த யன்னலைக் கண்டு பதறினார். "சேர், என்ர பிள்ளைக்குத் தடிமன் பிடிச்சா ஆர் பாக்கிறது?"

நீர் முந்திக்கொண்டீர். "தங்கச்சி, குளிர் மேலால வருது. ஹீட்டர் எரியுது, பிள்ளை ஜக்கெற் போட்டிருக்கிறாள். பத்தொன்பது பேற்ற தடிமனும் ஒரு அறைக்குள்ள சுத்துறதுதான் பயம்." அவர் யோசித்தார். பிறகு தலையாட்டினார். அடுத்த சனிக்கிழமை எல்லாருக்கும் சூப் கொண்டுவந்தவரும் அவரே.

மறுநாள் குழுக் கூட்டத்தில் என் அறிக்கையை நானே எழும்பித் திரும்பப் பெற்றேன். 29ஆம் திகதி வகுப்பில் பிள்ளைகளிடம் மன்னிப்பும் கேட்டேன். எழுதி வைத்து வாசித்தேன், இரண்டு பக்கம். முன்வரிசையில், "பிரெயின் ஓஃப் ஆகுது" என்று சொன்ன அந்தப் பெண்பிள்ளை, "இற்ஸ் ஓக்கே சேர், சோர்ட்டா எழுதியிருக்கலாம்" என்றாள். நீர் கதவுக்கு வெளியே தேநீர்த் தட்டுடன் நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது எனக்குக் கேட்டது. அந்தப் பத்தொன்பது பேரும் தேர்வை எழுதினார்கள். வகுப்பு இன்றும் நடக்கிறது; இவ்வாண்டு இருபத்துநான்கு பேர்.

போன சனிக்கிழமை புதிய ஆசிரியை என்னிடம் ஓடிவந்தார். "சேர், ஒருத்தி மேசையில படுத்து நித்திரை. அம்மாவுக்குக் கோல் எடுக்கவோ?" பொறுங்கோ என்று சொல்லிப் போய்ப் பார்த்தேன். யன்னல்கள் திறந்திருந்தன, கருவி காட்டிய அளவு அறுநூற்று எண்பது. காற்றில் குறையில்லை. முன்னைய நானென்றால் அத்துடன் பிள்ளையிலேயே குற்றம் பிடித்திருப்பேன். பக்கத்துக் கதிரையில் அமர்ந்து, ஏன் இந்தக் களைப்பு என்று மெதுவாகக் கேட்டேன். சனிக்கிழமைகளில் விடிய ஐந்து மணிக்கு ஒரு பேக்கரியில் வேலை தொடங்குகிறாளாம். முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருகிறாளாம்.

"வீட்டை போய்ப் படுத்திருக்கலாமே, பிள்ளை?"

"கிளாஸை மிஸ் பண்ண விருப்பமில்ல, அங்கிள்."

கால்மணி நேரம் படு என்றேன். ஆசிரியையிடம் குரலைத் தணித்துப் பாடம் நடத்தச் சொன்னேன். பிறகு வரவுப் பதிவேட்டை எடுத்து, அவளுடைய பெயருக்கு நேரே என் கையால் எழுதினேன்: 'நித்திரை, 2.10 முதல் 2.25 வரை. வரவு.'