அப்பா ஏறாத ராட்டினம்

தூக்கம் வருகிறது என்று சொல்லி என்னை ஏமாற்றிய என் அருமை அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் பேத்தி அனு படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள். உங்கள் மாப்பிள்ளைக்கு முன்மண்டை பளபளக்கத் தொடங்கிவிட்டது. இந்த அமெரிக்க ஊர் சன்னிவேலில் எங்கள் வீட்டு எலுமிச்சை மரம் இந்த வருஷமும் கேட்பாரில்லாமல் காய்த்துத் தள்ளுகிறது. ஆனால் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

நீங்கள் இங்கே வந்திருந்தபோது ஒரு தீம் பார்க் போனோமே, அதை மூடிவிட்டார்கள். அங்கிருந்த பழைய சாமான்களை ஏலம் விடுகிறார்கள். அதற்கு முன்னால் மக்கள் பார்வைக்கு வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அனு சனிக்கிழமை என்னை அழைத்துப்போனாள். பெரிய குடோன். பெயின்ட் உரிந்த மரக்குதிரைகள், போர்டுகள், ஒரு கோமாளித் தலை, எல்லாவற்றின் கழுத்திலும் ஏல நம்பர். நடுவில் ராட்சத ராட்டினத்தின் மஞ்சள் பெட்டி ஒன்று, கதவு திறந்தபடி தரையில் கிடந்தது.

அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய கோபம்தான் வந்தது. அன்று காலையிலிருந்து அந்த ராட்டினத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "உச்சிக்குப் போனா கடலே தெரியும் போலிருக்கே. சாப்பிட்டு வந்து முதல்ல அதுல ஏறிடலாம்மா" என்றதும் நீங்கள்தான். சாப்பிட்டு முடித்ததும் பேச்சு மாறிவிட்டது. "எனக்குத் தூக்கம் வருது, கார்லயே இருக்கேன். நீங்க போங்க."

வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். அதற்கெல்லாம் அசருகிற ஜனமா நாம்? வாசலில் கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்து, பார்க்கிங்கில் கார் டிக்கியைத் திறந்துவைத்துப் புளியோதரை சாப்பிட்டோம். கண்ணுக்குத் தெரியாத முத்திரை அது. திரும்பிப் போகும்போது நீல விளக்கின் கீழே கையைக் காட்டினால் ஒளிரும். அப்போதுதான் உள்ளே விடுவார்கள்.

அந்த முத்திரையும் விளக்கும்கூட ஏலத்துக்கு வந்திருந்தன. மேஜையில் இருந்த அம்மாள் வருகிறவர்களுக்கெல்லாம் வேடிக்கையாகக் குத்திவிட்டார். அனுவின் கை விளக்கில் பளிச்சென்றது. சிரித்தாள். பிறகு முத்திரை இல்லாத இன்னொரு கையை நீட்டிப் பார்த்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"தாத்தாவுக்கு எரியவே இல்லை" என்றாள் இங்கிலீஷில்.

நாங்கள் பாத்திரங்களை எடுத்துவைப்பதற்குள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் முன்னால் வாசலுக்குப் போயிருக்கிறீர்கள். விளக்கில் உங்கள் கை வெறுங்கை. டிக்கெட் எங்கே என்று வாசலில் நின்றவன் கேட்டிருக்கிறான். அது என் ஹேண்ட்பேகில் பத்திரமாக இருந்தது, உங்களுக்குத்தான் தெரியாது. நீங்கள் அப்படியே திரும்பி, வழியில் குழந்தையிடம் சொன்னீர்களாம்: "அம்மாகிட்ட சொல்லாதேடா கண்ணு. இன்னொரு டிக்கெட் எடுப்பா, பாவம்."

"ஐ ப்ராமிஸ்ட் ஹிம், மா" என்றாள். உங்கள் பேத்தி அல்லவா, அழுத்தக்காரி.

நாங்கள் எல்லோரும் இடது கையில் குத்திக்கொண்டோம். நீங்கள் மட்டும் வலது கையை நீட்டினீர்கள். பெரிய மனுஷர், ஒருத்தரிடம் இடது கையை நீட்டுவீர்களா? அதே கையால் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, சோப்பு டப்பாவைத் திறந்து முழங்கை வரை தேய்த்துக் கழுவினீர்கள். உங்கள் கை கழுவலுக்கு எந்த மை தாங்கும்?

வாயைத் திறந்து சொல்லியிருந்தால் முத்தா உதிர்ந்திருக்கும், அப்பா? அப்பாவுக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை, நாங்கள் வாழும் வாழ்க்கையும் பிடிக்கவில்லை என்றே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஊருக்குப் போன பிறகு, "மறுபடி வாங்கப்பா" என்று போனில் கூப்பிட்டால், "உனக்கு எதுக்கும்மா சிரமம், பார்க்கலாம்" என்பீர்கள். தட்டிக்கழிக்கிறார் என்று நானும் வற்புறுத்தவில்லை. அப்புறம் கூப்பிடுவதற்கு நீங்களே இல்லை.

வர ஆசைப்பட்டீர்களா? இன்னொரு தடவை கூப்பிடமாட்டாளா என்று காத்திருந்தீர்களா? இதை இனி யாரிடம் போய்க் கேட்பது?

அந்த அம்மாளிடம் கேட்டுக்கொண்டு மஞ்சள் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன். அங்கிருந்து குடோனின் தகரக் கூரைதான் தெரிந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். அனு பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா, அடுத்த மாதம் அம்மா வருகிறாள். தங்கையின் பிரசவம், பிள்ளைகள் என்று அன்று உங்களோடு வர முடியாதவள், முதல் தடவையாகக் கிளம்புகிறாள். விசா கையில் வந்த அன்றே போனில் ஆரம்பித்துவிட்டாள்: "என்னை எங்கேயும் கூட்டிட்டுப் போக வேண்டாம்டி. நான் பாட்டுக்கு வீட்ல இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க."

நம்பப்போவதில்லை. முகத்தைப் பார்த்து மறுபடி கேட்பேன். எரிந்து விழுந்தாலும் கேட்பேன். "சரி, தொலை, வர்றேன்" என்று அவள் செருப்பை மாட்டும்வரை வாசற்படியை விட்டு நகரமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீங்கள் சொன்னதை அப்படியே நம்பிவிட்ட உங்கள் மூத்த மகள்,
வசந்தி