முள்ளை நான் பார்க்கிறேன்

உன் துண்டு இன்று என் வீட்டு மாடிக் கொடியில் காய்கிறது. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கசக்கியும் அந்த வாசனை போகவில்லை. ஜாமூன் ஜீரா லேசாக அடிப்பிடித்த மாதிரி ஒரு தித்திப்பு. நடுவில் இளம்பச்சைக் கறை. கார் ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட் விஷம், தித்திப்பாக இருக்கிறதே என்று நாய் நக்கினால்கூடப் போச்சு என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதனால் பையனுக்கு எட்டாத மேல் கொடியில் போட்டிருக்கிறேன். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் கீழ்க் கொடியே எட்டாது. ஆனாலும் பக்கத்தில் கிடந்த நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டுத்தான் இறங்கி வந்தேன். சிரிக்காதே.

அவன் இப்போது தூங்குகிறான். காலையில் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்தோம். காய்ச்சல் வரும், சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும், பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் சொன்னார். வந்துவிட்டது. பயமும் வந்துவிட்டது. வெளியே ஏப்ரல் வெயிலில் லிங்கராஜபுரமே வாயடைத்துக் கிடக்கிறது. ஒரு கையை அவன் கழுத்தில் வைத்துக்கொண்டு மறு கையால் உனக்கு எழுதுகிறேன். உனக்கு எப்போதோ எழுதியிருக்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை உன் கார் விற்றுப் போன பிறகுதான் கை வந்தது.

அந்தச் சிவப்புக் காரை முதன்முதலாகப் பார்த்த நாளில், இதில் மனிதர்கள் எங்கே உட்காருவார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. இரண்டே சீட்டு, தரையைத் தொடுகிற உயரம், நீளமாக ஒரு மூக்கு. உன் பெரியப்பா வெளிநாடு போகும்போது உன் டாடியிடம் விட்டுப்போன ஸ்போர்ட்ஸ் கார். டாடிக்குப் பிறகு அது உன்னுடையதாயிற்று. நாம் காலேஜில் இரண்டாம் வருஷம். பிரேசர் டவுனில் பெண்கள் ஸ்கூட்டி ஓட்டினாலே திரும்பிப் பார்ப்பார்கள். நீ அதை வெளியே எடுத்தால் பேக்கரி வாசலில் நிற்பவர்கள் டீயை மறந்து நிற்பார்கள்.

நான் உன் இடது பக்கத்தில் உட்கார்ந்து பயந்துகொண்டே வருவேன். பஸ் இடிக்குமா, பிரேக் பிடிக்குமா, மழை வருமா, அப்பா பார்த்துவிடுவாரா. கோல்ஸ் பார்க் சிக்னலில் ஒருநாள் நீ பொறுமையிழந்தாய்.

“ஏய் பயந்தாங்கொள்ளி, உன்னால பயப்படாம இருக்கவே முடியாதுல்ல?”

“முடியாது.”

“சரி. அப்ப உருப்படியா ஒண்ணைப் பாத்து பயப்படு. இந்த முள்ளைப் பாரு. நான் ரோட்டைப் பாக்குறேன், நீ முள்ளைப் பாரு. தொண்ணூறு தாண்டுனா சொல்லு.”

அதுவரை என் பயத்துக்கு யாரும் வேலை கொடுத்ததில்லை. டேஷ்போர்டில் ஸ்பீடு காட்டும் பெரிய வட்டத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம். இஞ்சினைச் சுற்றி ஓடுகிற பச்சைத் தண்ணீர் எவ்வளவு சூடு என்று அந்த முள் சொல்லும். கார் ஓடிக்கொண்டிருந்தால் எண்பதில் சாதுவாகப் படுத்திருக்கும். சிக்னலில் நின்றுவிட்டால், அதுவும் இப்படி ஒரு வெயிலில், மெல்ல எழுந்திரிக்கும்.

“ஓடுறப்ப காத்து மூஞ்சியில அடிக்குது, ரேடியேட்டர் ஆறிடும். நிக்கிறப்ப அது காத்துக்கு எங்கடி போவும்?” என்றாய். தொண்ணூற்றைந்தில் முன்னால் ‘கிர்ர்’ என்று ஒரு மின்விசிறி தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். நான் அதுவரை மூச்சு விடமாட்டேன். விசிறி சுற்றிக் கொஞ்ச நேரத்தில் முள் தயங்கி, மனசு மாறி, கீழே வரும்.

“நூறுல கொதிச்சிடாதா?” என்று கேட்டேன்.

“மூடி டைட்டா இருக்குற வரைக்கும் கொதிக்காது. குக்கர் மாதிரி. ஏறுறது தப்பில்லடி, ஏறத்தான் செய்யும். இறங்குதான்னு பாரு.”

ஃபைனல் எக்ஸாம் காலை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ரயில்வே பாலத்தடியில் லாரி ஒன்று படுத்துவிட்டது. முன்னும் பின்னும் நகர வழியில்லை. விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் நூறைத் தாண்டியது. நான் கத்தினேன். “ஆஃப் பண்ணு! ஆஃப் பண்ணிடுடி!”

“ஆஃப் பண்ணா தண்ணி ஓடாது. உள்ள இருக்குற சூடு உள்ளயே நின்னுடும்.” சொல்லிக்கொண்டே என் முழங்காலுக்கு மேலே இருந்த குமிழைத் திருகினாய். உலை வாயைத் திறந்த மாதிரி என் பாதத்தில் அனல் கொட்டியது.

“என்னடி இது?”

“ஹீட்டர்.”

“இந்த வெயில்லயா? லூசா நீ?”

“இஞ்சின் சூட்டைக் கொஞ்சம் நாம வாங்கிக்கலாம். அது மட்டும் எவ்ளோதான் தாங்கும்?”

செப்பலைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டேன். துப்பட்டா பிழிகிற மாதிரி நனைந்தது. பக்கத்து ஸ்கூட்டர்க்காரர் நாம் இருவரும் ஹால் டிக்கெட்டால் விசிறிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, “ஏனாய்த்து மேடம்?” என்று விசாரித்தார். நீ கொஞ்சமும் சிரிக்காமல், “குளிருது சார், அதான் ஹீட்டர் போட்டிருக்கோம்” என்று கன்னடத்தில் சொன்னாய். அவர் சந்து கிடைத்து நழுவிப் போகும்வரை நம்மைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். முள் இறங்கிவிட்டது. நான் உலர்வதற்குள் முதல் இரண்டு கேள்விகளை எழுதி முடித்துவிட்டேன்.

உன் மெக்கானிக் பாய்கூட ஒருமுறை சொன்னாரே, “பெங்களூர்ல ஹீட்டர் எதுக்கும்மா? எல்லா வண்டியிலயும் லைனை அடச்சு உட்டுடுவோம், உனக்கும் அடச்சுடுறேன்” என்று. நீ பதறிப்போய், “பாய், கை வைக்காதீங்க, அது குளிருக்கு இல்ல” என்றாய். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

இனி எழுத வேண்டியதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

நான் பிரசவத்துக்கு ஆனேக்கல்லில் அம்மா வீட்டில் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை நீ போன் செய்தாய். குரல் கட்டியிருந்தது.

“லேசா காய்ச்சல்டி. ஏறுது, இறங்குது.”

“எவ்ளோ இருந்தது?”

“யாரு பாத்தா? தெர்மாமீட்டர் எங்க போச்சுன்னு மம்மிக்கே தெரியல. விடு. உன் கால் வீக்கம் எப்படி இருக்கு? உப்பைக் குறைச்சியா?”

டாக்டரைப் பார் என்றேன். திங்கட்கிழமை போகிறேன் என்றாய். பிறகு என் கால் வீக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். திங்கட்கிழமை உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று ஆன்ட்டி, உன் மம்மி, சொன்னார். அந்த வாரம் முடிவதற்குள் நீ இல்லை. ரத்தத்தில் என்னென்னவோ குறைந்துவிட்டதாம். இன்னும் இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம்.

“மாசமா இருக்குறவ சாவு வீட்டுக்குப் போகக் கூடாது” என்று அம்மா வாசலில் நின்றுகொண்டார். என் வீட்டுக்காரர் மட்டும் போய்வந்தார். உன்னை மண்ணில் வைத்த நேரத்தில் நான் ஆனேக்கல் வீட்டுக் கட்டிலில், வீங்கிய காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். கடைசியாக உன் முகத்தை நான் பார்க்கவில்லை. உன்மேல் கோபம்தான் வந்தது. இப்போதும் சில நேரம் வருகிறது. கார் முள் நகர்ந்தால் சொல்வதற்கு ஒருத்தியை உட்கார வைத்துக்கொண்டவள், தன் காய்ச்சலைப் பார்க்க யாரையும் வைத்துக்கொள்ளவில்லையே. நான் பக்கத்தில் இருந்திருந்தால் திங்கட்கிழமை வரை விட்டிருப்பேனா? கத்திக் கூப்பாடு போட்டு வெள்ளிக்கிழமையே இழுத்துக்கொண்டு போயிருப்பேன். நீயும் திட்டிக்கொண்டே வந்திருப்பாய்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

ஆன்ட்டி பிரேசர் டவுன் வீட்டைக் காலி செய்துவிட்டுச் சென்னையில் தங்கை வீட்டோடு இருக்கப் போகிறார். “கார் வாங்க ஆள் வராங்கமா. ஸ்டார்ட் பண்ணிக் காட்டணும். பாய் ஊர்ல இல்ல. அதோட குணம் உனக்குத்தானே தெரியும், வந்துட்டுப் போயேன்” என்று போன் செய்தார். பையனை இவரிடம் விட்டுவிட்டுப் போனேன்.

வாங்க வந்தவர் கோயம்புத்தூர்க்காரர். இங்கே ஏதோ கம்பெனியில் வேலை. கூடவே மனைவி. பாய் மாட்டிவிட்டுப் போன புது பேட்டரியில் கார் மூன்றாவது இழுப்பில் கிளம்பிவிட்டது. அவருக்குச் சந்தோஷம். ஆனால் விவரமான ஆள்.

“ஸ்டார்ட் ஆச்சு, சரிங்க. இந்த வெயில்ல நின்னா தாங்குமான்னு பாக்கோணும். இப்படியே கொஞ்ச நேரம் ஓட விடலாங்களா?”

அவர் உன் இடத்தில் உட்கார்ந்தார். நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். ஆன்ட்டி குடையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். இஞ்சின் சத்தம் மட்டும். அந்தச் சத்தத்தை நான் அவ்வளவு நாள் கழித்துக் கேட்கிறேன்.

எண்பது. தொண்ணூறு. விசிறி சுற்ற ஆரம்பித்தது. முள் தயங்கவில்லை, ஏறியது. கொதித்துவிடு என்று காரை மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். ஆவி கக்கு, இவர் எழுந்து போகட்டும், நீ இங்கேயே இரு. நூறு. இன்னும் ஏறியது. “ஏறுதுங்க, இது சரிப்படாது போலிருக்கு” என்று அவர் கை சாவிக்குப் போயிற்று. ஒரு வார்த்தையும் பேசாமல் நான் உட்கார்ந்திருந்தால் போதும்.

“ஆஃப் பண்ணாதீங்க!”

நான்தான் கத்தினேன். என் கை அதற்குள் குமிழைத் திருகிவிட்டிருந்தது. முள்ளைப் பார்ப்பதுதான் நீ கொடுத்த வேலை. பார்த்துவிட்டுச் சும்மா இருக்க நீ சொல்லிக் கொடுக்கவில்லை.

முதலில் தூசி வந்தது. பிறகு காய்ந்த இலைத் துணுக்குகள். பிறகு அதே அனல், அதே பாதங்களில். செப்பலைக் கழற்றிக் காலை மேலே தூக்கிக்கொள்ளத்தான் உடம்பு சொன்னது. தூக்கவில்லை. சுடட்டும் என்று வைத்திருந்தேன். முள் நின்றது. யோசித்தது. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றைந்து.

அவர் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். “ஹீட்டருங்களா?”

“ஆமா. ஆனா இதை நம்பி விட்டுடாதீங்க. நின்னே இருந்த வண்டி, ரேடியேட்டர் உள்ள அடைச்சிருக்கும். முதல்ல அதை க்ளீன் பண்ணுங்க. யார் சொன்னாலும் ஹீட்டர் லைனை மட்டும் அடைக்க விடாதீங்க” என்றேன். இவ்வளவையும் மறைக்காமல் சொன்னதாலோ என்னவோ, வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். விசிறி நின்று, சூடு அடங்கும்வரை காத்திருந்தோம்.

கிளம்பும்போது அந்தப் பெண் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள். “வழியில நின்னுடாதுங்களா அக்கா? எனக்கு எல்லாத்துக்குமே பயங்க. இவரு திட்டுவாரு.”

“பயமா? ரொம்ப நல்லது” என்றேன். எழுந்து என் இடத்தை அவளுக்குக் கொடுத்தேன். “இங்க உக்காருங்க. அவர் ரோட்டைப் பாக்கட்டும். நீங்க இந்த முள்ளைப் பாருங்க. தொண்ணூறு தாண்டுனா சொல்லுங்க.”

கார் தெருமுனை திரும்பும்போது பார்த்தேன். அவள் தலை குனிந்திருந்தது.

டிக்கியிலிருந்து ஆன்ட்டி எடுத்து வைத்திருந்த துண்டு அப்போதுதான் என் கைக்கு வந்தது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்க நீ மடித்துப் பிடிக்கிற துண்டு. “என் குளிக்கிற டவல். கேக்காம எடுத்துட்டுப் போய் எப்படிக் கெடுத்து வச்சிருக்கா பாரு அவ” என்று உன்னை நேரில் திட்டுவது போலத் திட்டினார். பிறகு ஒருமுறை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “நீ வச்சுக்கோ” என்று நீட்டினார்.

இதோ, பையன் புரண்டு படுக்கிறான். எழுதுவதை நிறுத்திவிட்டு அக்குளில் தெர்மாமீட்டரை வைத்து எடுத்தேன். முன்பு பார்த்ததைவிடக் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஏறத்தான் செய்யும். ஈரத்துணி வைத்திருக்கிறேன், மருந்து கொடுத்திருக்கிறேன். இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். இறங்கவில்லை என்றால் உன்னைப் போலத் திங்கட்கிழமைக்குக் காத்திருக்கமாட்டேன், ஆட்டோவில் ஏறிவிடுவேன். அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் அவன் சூடு என் மேல் ஏறுகிறது. ஏறட்டும், கொஞ்சம் நான் வாங்கிக்கொள்கிறேன்.

நீ எந்த ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறாயோ, அதைப் பார்த்துப் போ. முள்ளை நான் பார்க்கிறேன்.